விலகல் பத்திரம்

புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பெயர்ப்பலகையை எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்பதைத்தான். உரிமம், வரிப்பதிவு, முத்திரைத்தாள் எல்லாம் அவர்களுக்கு அப்புறம். "மொதல்ல புள்ளை பொறக்கட்டும், பேரை அப்புறம் வெப்போம்" என்பேன். இருபத்திரண்டு வருடமாக அதே ஒரு நகைச்சுவை. இன்னும் யாராவது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், நகலெடுக்கும் கடையின் மாடியில் என் அறை. ஒரு மேசை, வந்தவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு, சுவர் முழுக்கக் கோப்புகள். நான் பத்திரம் எழுதுகிறவன்.

நான் காவல் நிலையத்துக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சலவையகத்தின் கொதிகலனைச் சோதித்தவர் அனுப்பிய கடிதம் யார் கைக்கு வந்தது என்று. என் கைக்கு வந்தது. அத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் ஒற்றை வரியில் சொன்னால் நீங்கள் என்னை வேறு மாதிரி ஆளாக நினைத்துவிடக்கூடும். அதனால்தான் தாள் கேட்டேன். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த மனநிலையில் என் கைப்பட எழுதுகிறேன். இந்த வாக்கியத்தை மற்றவர்களுக்காக ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன். எனக்காக எழுதும்போது கொஞ்சம் கை கூசுகிறது.

சலவையகத்தை நடத்தியவர் என் தங்கையின் கணவர். பெரிய விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். விரிப்பை மூக்கருகே கொண்டுபோனாலே சோப்பு முழுக்க அலசப்பட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொந்தமாக ஒன்று தொடங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தங்கையையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, வெளியாட்களைப் போல பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். நானும் வெளியாட்களுக்குச் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"தனியாத் தொடங்கினா சுலபம், மாப்பிள்ளை. உரிமம் ஒண்ணு, வங்கிக் கணக்கு ஒண்ணு, வேலை முடிஞ்சுது. ஆனா கடை வேற, நீங்க வேறன்னு சட்டம் பாக்காது. கடைக்கு ஒண்ணு வந்தா அது உங்க தலையிலதான்."

"கூட்டாப் போட்டா?"

"கூட்டுன்னா பத்திரம் எழுதணும். யாருக்கு என்ன பங்கு, யாருக்கு என்ன பொறுப்பு, ஒருத்தர் விலகினா என்ன செய்றது, எல்லாத்தையும் இப்பவே எழுதிடணும். ரெண்டு பேரும் கையெழுத்து, ரெண்டு சாட்சி, அப்புறம் பதிவு. ஒருத்தர் செஞ்சதுக்கு இன்னொருத்தரும் பதில் சொல்லியாகணும்."

அவர் என் தங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப கூட்டே போடுங்க மச்சான். எனக்குத் துணி தெரியும், காகிதம் தெரியாது."

அதைத்தான் பத்திரத்தில் வேறு சொற்களில் எழுதினேன். சலவை சார்ந்த அனைத்தும் முதல் கூட்டாளியின் பொறுப்பு, ஆவணம் சார்ந்த அனைத்தும் இரண்டாம் கூட்டாளியின் பொறுப்பு. பங்கு சரிபாதி. நிறுவனத்தின் முகவரியாக என் அறையைக் கொடுத்தேன். சலவையகத்தில் எப்போதும் தரை ஈரம், வருகிற தபாலெல்லாம் நனைந்துபோகும் என்பது காரணம். அப்போது அது உண்மையான காரணம்தான். கையெழுத்துப் போடும் நாளில் மாப்பிள்ளை ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. "எங்க போடணும் மச்சான்?" என்று கேட்டு, நான் விரல் வைத்த இடங்களில் எல்லாம் போட்டார். கடைக்குப் 'பளிச்' என்று பெயர் வைத்தது தங்கை.

இடத்தை நீங்கள் இடிந்த பிறகுதான் பார்த்தீர்கள். அதற்கு முன் அது நன்றாக இருந்தது. பழைய கிடங்கு. நுழைந்ததும் மூன்று துவைக்கும் இயந்திரங்கள், அடுத்து விரிப்புகளைத் தேய்க்கும் உருளை, கடைசியில் சுவரை ஒட்டித் துணி மடிக்கும் நீள மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன். மருத்துவமனை ஒன்றும் தங்கும் விடுதிகள் இரண்டும் துணி அனுப்பின. காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளையே கொதிகலனை மூட்டுவார். பத்து மணிக்கு, மடித்து முடித்ததை வேனில் ஏற்றிக்கொண்டு அவரே போவார். மடிக்கும் மேசையில் நின்றவள் என் தங்கை.

கொதிகலனைத் தேர்ந்தெடுத்தது நான். சின்னதாக இருந்தாலும் புதியதாக ஒன்று வேண்டும் என்றார் மாப்பிள்ளை. மூடிப்போன பிஸ்கட் ஆலையிலிருந்து பெரியதாக ஒன்று விலைக்கு வருவதாகச் சொல்லி, நான்தான் அவர் வாயை அடைத்தேன். அதன் சான்றிதழ்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை, ஒரு முத்திரைகூட மங்கவில்லை. எனக்குத் தாள் படிக்கத் தெரியும். இரும்பு படிக்கத் தெரியாது.

நான்கு வருடம் எந்தக் குறையும் இல்லை. உரிமம் புதுப்பிக்க மூன்று மாதம் இருந்தபோது, சோதனைக்கு ஆளை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர். கையில் சின்னச் சுத்தியல், தோளில் ஒரு கருவிப்பெட்டி. மாப்பிள்ளை வேனில் போயிருந்தார். காகிதங்களைக் காட்ட நான் போயிருந்தேன். அவர் தகட்டைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே பின்பக்கம் போனார். பின்பக்கத்தில் தட்டுவது நின்றது. வெகுநேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எழுதி அனுப்பறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. ஒரே பக்கம். கொதிகலனின் பின்புற அடித்தகடு பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருக்கிறது. அங்கே பழைய விரிசல் ஒன்றை யாரோ பற்றவைத்து, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். தகட்டை மாற்றும்வரை கொதிகலனை மூட்டக் கூடாது. 'உடனடியாக' என்ற சொல்லின் அடியில் இரண்டு கோடு.

இரண்டு முறை படித்தேன். தேதி வரிசைப்படி கோப்பில் சேர்த்தேன். நான் எந்தக் காகிதத்தையும் கிழித்ததில்லை.

அடுத்த வாரம் சோதித்தவர் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தார். எடுத்தது எந்தக் கூட்டாளி என்று கேட்கவில்லை.

"சார், கடிதம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நிறுத்திட்டீங்கள்ல?"

"நிறுத்தியாச்சு. தகட்டுக்கு ஆள் பாத்துட்டிருக்கோம்."

"நல்லதாப் போச்சு சார். எனக்குத் தூக்கமே இல்ல. சரி பண்ணினதும் சொல்லுங்க, வந்து பாத்துட்டு எழுதித் தர்றேன்."

நல்ல மனிதர். அவரைத் தயவுசெய்து தொந்தரவு செய்ய வேண்டாம். நான் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். என்னை நம்பாத ஆளே இந்தத் தெருவில் கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நிறுத்தினால் மருத்துவமனைக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள் என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் அது காரணம் இல்லை. எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா போய்விட்டார். தங்கைக்கு அப்போது பதினொன்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு காகிதம் என்னைத் தாண்டிப் போனதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வைத்தியர், எந்த மாப்பிள்ளை, எல்லாம் நான் சொன்னதுதான். 'அண்ணன் பாத்துக்குவான்' என்பது எங்கள் வீட்டில் மந்திரம் மாதிரி. அந்த வண்ணத்துக்கு அடியில் விரிசல் இருந்தது என்று மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபப்பட்டிருக்க மாட்டார். 'பரவாயில்ல மச்சான், உங்களுக்கு எப்படித் தெரியும்' என்றிருப்பார். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

பிறகு யோசித்தேன். அது வெடித்தால் இரண்டு கூட்டாளிகளும்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. இப்படியெல்லாம் யோசிக்கலாமா என்ற எண்ணமே வரவில்லை. நாளைக்கு என்ன கெடுதல் வரலாம் என்று இன்றைக்கே யோசித்து எழுதிவைப்பதுதானே என் தொழில்.

முதலில் தங்கையை விலக்கினேன். ஒரு மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னேன். "முதுகு வலிக்குதுன்னு சொல்லிட்டே இருக்கியே. நாலு வருஷம் நின்னது போதும். இனிமே வீட்டுல இரு."

அவள் சிரித்தாள். "அண்ணனுக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? யாரு மடிப்பா?"

"ஆள் நான் பாத்துத் தர்றேன்."

மாப்பிள்ளைக்கு ரொம்ப சந்தோஷம். "நான் சொன்னா கேக்கமாட்டா மச்சான். நீங்க சொன்னதும் பெட்டிப்பாம்பா அடங்கிட்டா பாருங்க."

சொன்னபடி ஆள் பார்த்தேன். என் அறையின் பெஞ்சில் நான்கு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வேலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை, துணி மடிக்க யாருக்குத் தெரியாது. வீட்டில் யார் யார் என்று மட்டும் எல்லோரிடமும் கேட்டேன். முதலாமவளுக்கு மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். இரண்டாமவளுக்குப் போன மாதம்தான் கல்யாணம். மூன்றாமவள் மாசமாக இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். நான்காவதாக வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். காது அறுந்து தைத்த துணிப்பை ஒன்றை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

"வீட்டுல யார்லாம் இருக்கீங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். முன்னால் போன மூவரையும் நான் அனுப்பிவிட்டதைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். "யாருமில்ல சார். நான் மட்டுந்தான்."

அவளை எடுத்துக்கொண்டேன். தன் கையெழுத்து நன்றாக இருக்காது என்றாள். பணியாளர் படிவத்தை நானே நிரப்பினேன். 'நெருங்கிய உறவினர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். வீட்டில் யாரும் இல்லாத ஆள் என்றால் அடிக்கடி விடுப்புக் கேட்க மாட்டார்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். உண்மையான காரணத்தை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன். அந்தச் சுவரோரம் யாராவது ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும் என்றால், அழுவதற்கு ஆள் இல்லாத ஒருவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு அது எனக்கு ஒருவித இரக்கமாகவே பட்டது. அன்று மாலை வழக்கத்தைவிட நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் விலகல் பத்திரத்தைத் தொடங்கினேன்.

"எதுக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"தப்பெல்லாம் இல்ல. உழைக்கிறது நீங்க, பாதிப் பங்கு எனக்கு எதுக்கு? உரிமம் புதுப்பிக்கிறப்ப ஒரே ஆள் பேர்ல இருந்தா வேலையும் சுலபம். இனிமே பளிச் உங்களுது. பலகையில உங்க பேர் மட்டும்தான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாகூட எனக்கு எதுவும் எழுதி வெச்சதில்ல மச்சான்" என்றார். பேனாவை எடுத்து, "எங்க போடணும்?" என்று கேட்டார். காட்டினேன். மறுநாள் தங்கை என் அறைக்கு வந்து, மேசையைத் துடைத்து, கோப்புகளைத் தூசி தட்டி அடுக்கிவிட்டுப் போனாள். நன்றி சொல்வது அவளுக்கு அப்படித்தான் வரும். அந்தக் கடிதம் இருந்த கோப்பையும் தட்டினாள்.

கூட்டுத் தொழிலிலிருந்து விலகுவது என்பது வாசலைத் தாண்டி வெளியே வந்துவிடுவது இல்லை. பலர் இங்கேதான் கோட்டை விடுவார்கள். பத்திரம் எழுதிக் கையெழுத்து ஆனாலும், ஊரறிய அறிவிக்கும்வரை வெளியாட்களைப் பொறுத்தவரை அவன் கூட்டாளிதான். பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வங்கிக்கு, உரிம அலுவலகத்துக்கு, மின்சார அலுவலகத்துக்குத் தனித்தனியாக எழுதி, 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை வாங்க வேண்டும். பழைய உரிமத்தை ஒப்படைத்து, தனி உரிமையாளர் பெயரில் புதியது எடுக்க வேண்டும். நான் அவசரப்படவில்லை, அவசரத்தில்தான் பிழை வரும். எல்லாம் முடிய முப்பத்தொரு நாள் ஆயிற்று.

அந்த முப்பத்தொரு நாளும் காலை ஆறு மணிக்குக் கொதிகலன் மூட்டப்பட்டது. ஆறு மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். சலவையகம் என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. எதுவும் கேட்காது. ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு காரணத்தை வைத்து மாப்பிள்ளையை அழைப்பேன். "சொல்லுங்க மச்சான்" என்று அவர் குரல் கேட்டதும் காரணத்தைச் சொல்லுவேன். "இப்பல்லாம் தினம் கூப்பிடறீங்க, பொறுப்பை விட்டதும் பாசம் வந்துடுச்சு" என்று ஒருநாள் கேலி செய்தார்.

கடைசி முத்திரை விழுந்த அன்று கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சலவையகத்துக்குப் போனேன். இனி எனக்கு ஒன்றும் இல்லை, சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வாசலில் புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஏணியில் நின்று தன் பெயரைத் தானே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் நின்றேன். மடிக்கும் மேசையில் இருந்த பெண் தன் முக்காலியை என் பக்கம் நகர்த்திப்போட்டாள்.

"உக்காருங்க சார்."

"வேலை எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு சார். முன்னாடி மீன் ஐஸ் போடற எடத்துல இருந்தேன், கையெல்லாம் மரத்துப்போகும். இங்க இந்தச் சுவரு நல்லா கதகதன்னு இருக்கு." அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காட்டினாள். "உங்களாலதான் சார்."

சட்டைப்பையில் கடிதம் இருந்தது. அப்போதுதான் அந்தத் தேதி எனக்கு நினைவுக்கு வந்தது. விலகல் பத்திரத்துக்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி. கடிதத்தை வெளியே எடுத்தால், நான் ஏன் விலகினேன் என்பது ஏணியில் நிற்கிறவருக்குத் தெரிந்துவிடும். தங்கையை ஏன் வேலையை விட்டு நிற்கச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த முப்பத்தொரு நாளில் நான் வாங்கிய ஒவ்வொரு முத்திரையும் எனக்கு எதிரான சாட்சியாக மாறிவிடும். அதற்கு முன் சொல்ல எனக்கு ஒரு வெட்கம்தான் தடையாக இருந்தது. இப்போது நான் ஒழுங்காகச் செய்த வேலை முழுக்கத் தடையாக நின்றது. முக்காலியில் உட்காரவில்லை. பலகை நேராக இருக்கிறதா என்று மாப்பிள்ளை மேலிருந்து கேட்டார். இடப்பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். திரும்பி வந்து கடிதத்தை அதன் இடத்தில் வைத்தேன்.

ஒன்பதாம் நாள், காலை பத்தே முக்காலுக்கு அது வெடித்தது. தையற்கடை தொடங்கும் அக்கா தங்கை இருவருக்குக் கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் என் அறை வரைக்கும் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "என்ன சார் அது?" என்றாள் அக்காக்காரி. "தெரியலையே" என்றேன். தொலைபேசி அடித்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளை எங்கே என்பது. வேனில் போயிருக்கிறார் என்றார்கள்.

சுவர், துணி மடிக்கும் மேசையின் மேல் விழுந்திருந்தது. உருளையில் வேலை பார்த்த இன்னொரு பெண்ணுக்குக் கையில் தீக்காயம், ஆறிவிட்டது. மற்றதை நீங்கள் அறிவீர்கள். மாப்பிள்ளை திரும்பி வந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்கள் ஆட்களிடம் போய், யாரும் கேட்பதற்கு முன்பே, "நான்தான் ஓனர்" என்றாராம். ஒன்பது நாளாகத்தான் அவர் ஓனர்.

பிணவறைக்கு வெளியே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணா. அன்னைக்கு நீ மட்டும் என்னை வேலையை விட்டு நிக்கச் சொல்லலேன்னா..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்து, "அந்தக்காவுக்கு யாருமே இல்லியாமே. நாமதான் அழணும்" என்றாள். அழுதாள். அடக்கம் செய்வதற்கான காகிதங்களை நான் எழுதினேன். குழியில் மண் போட வேறு ஆள் இல்லாததால் அதையும் நானே செய்தேன்.

சிறையில் மாப்பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு வாரமும் தங்கையை அழைத்துப் போனேன். சோதித்தவர் உங்களிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்த பிறகு, அவர் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். "வந்திருக்கும் மச்சான். உங்க ஆபீஸ்லருந்து நீங்க குடுத்த காகிதத்தோட அதுவும் இருந்திருக்கும். நான்தான் படிக்காம எங்கியாவது சொருகியிருப்பேன். எனக்குத்தான் காகிதம் தெரியாதே." அடுத்த வாரம் போனபோது அதை எங்கே செருகினார் என்றுகூட அவருக்கு நினைவு வந்துவிட்டது. சோப்பு டப்பா அடுக்கியிருக்கும் அலமாரியின் பின்னால் என்றார். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. வராத ஒரு கடிதம் வந்ததாக உண்மையிலேயே நம்புகிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லவேளை, நீங்க முன்னாடியே வெளிய வந்துட்டீங்க. நீங்களாவது வெளிய இருந்து அவளைப் பாத்துக்குங்க" என்றார். நான் தலையசைத்தேன். இப்படியே போயிருந்தால் நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். இதை மறைப்பதில் பயன் இல்லை.

நேற்று முன்தினம் மதியம் இரண்டு பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். பெரியவளுக்கு இருபது இருக்கும், சின்னவளுக்குப் பதினாறு, பதினேழு. தொலைவிலிருந்து வந்திருந்தார்கள். இறந்துபோன அம்மாவுக்காக மனு எழுத வேண்டும் என்றார்கள். எதிரே அலுவலகத்தில் யாரோ என் அறையைக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

"அம்மா ஞாயித்துக்கெழமை தவறாம போன் பண்ணுவாங்க சார்" என்றாள் பெரியவள். "நாலு வாரமா வரல. தேடிக்கிட்டு வந்தா, சுவர் இடிஞ்ச எடத்தைக் காட்டறாங்க. அடக்கமே பண்ணிட்டாங்களாம். யாரோ நல்ல மனுஷங்களாம்."

"இப்ப என்ன மனு?"

"நாங்க புள்ளைங்கன்னு ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அம்மாவுக்கு யாருமே இல்லன்னு படிவத்துல இருக்காம்." அவள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்து, மடிப்பை நீவி விட்டாள். காது அறுந்து தைத்த அதே பை, அம்மா தங்கியிருந்த அறையிலிருந்து எடுத்திருப்பாள். நகலில் என் கையெழுத்து. 'இல்லை' என்பதில் ஐகாரக் கொம்பைக் கொஞ்சம் அழகாகச் சுழித்திருந்தேன்.

"அம்மாவே அப்படிச் சொல்லியிருப்பாங்க சார்" என்றாள் பெரியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "புள்ளைங்க இருக்குன்னு சொன்னா வேலை குடுக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. எழுதினவங்க மேல தப்பில்ல."

சின்னவள் நகலில் அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்தாள். "அந்த எழுத்தை அடிச்சுட்டு எங்க பேரை எழுத முடியாதா சார்?" என்று கேட்டாள்.

"எழுதினவரே வந்து, தவறா எழுதிட்டேன்னு வாக்குமூலம் குடுத்தா மாத்துவாங்க."

"அவரை எங்க சார் தேடறது?"

"நான் தேடிப் பாக்கறேன்" என்றேன். எழுதித் தந்த மனுவுக்கு எவ்வளவு என்று பெரியவள் பர்ஸைத் திறந்தாள். வேண்டாம் என்று சொன்னபோது, "நீங்க நல்லாயிருக்கணும் சார்" என்றாள். அவர்கள் படியிறங்கிப் போன பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நான் அந்த பெஞ்சில், அவர்களுடைய அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். இருட்டிய பிறகு நகலெடுக்கும் கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அந்த வாக்குமூலம்தான் இது. அந்தப் படிவத்தை எழுதியவன் நான். 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் 'மகள்கள் இருவர்' என்று திருத்த இதன்மூலம் வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தைப் படித்தவன் நான். புரிந்துகொண்டே படித்தேன். சோதித்தவரிடம் பொய் சொன்னேன். தங்கையை எடுத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் நிற்க ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினேன். மாப்பிள்ளை சோப்பு அலமாரி பற்றிச் சொல்வதை நம்ப வேண்டாம். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு பொய்ப் பத்திரம் ஆகிவிடும். காலை ஒன்பது மணிக்கு நான் அவரை அழைத்தது கவலையால் இல்லை. ஏதாவது ஒருநாள் அவர் எடுக்காமல் போனால், கடிதம் யார் கைக்கு வந்தது என்று கேட்கவோ சொல்லவோ ஆள் இருக்காது. தங்கை விதவையாக என் வீட்டுக்கு வந்தால் மாடி அறையை அவளுக்கு ஒழித்துக்கொடுக்க வேண்டும் என்பதுவரை யோசித்துவைத்திருந்தேன். அதற்கு வெள்ளையடிக்கக்கூட ஆளிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வேனில் போயிருக்கிறார் என்று தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். என் தங்கையிடம் மட்டும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டாதீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்க எனக்கு உரிமை இல்லை.

அந்த நாற்பது நாளும் நான் எப்படித் தூங்கினேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். கூட்டுத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. தொழில் சம்பந்தமாக ஒரு கூட்டாளிக்குத் தெரியவருவது, நிறுவனத்துக்கே தெரிந்ததாகக் கொள்ளப்படும். படுக்கும்போது அதை ஒருமுறை மனதில் சொல்லிக்கொள்வேன். கடிதத்தைப் படித்த அன்று நாங்கள் இருவரும் கூட்டாளிகளாகத்தான் இருந்தோம். ஆகவே, சட்டப்படி பார்த்தால், மாப்பிள்ளையிடம் நான் எதையும் மறைக்கவில்லை.